கத்தி பட்டால் புற்றாகுமா?

அன்புள்ள அண்ணா,

என் மனைவிக்கு 5 மாதமாகக் கீழுதடு வீங்கியே இருக்கிறது. ஈறும் சிவந்து தடித்துவிட்டது. வலி இல்லை. அலர்ஜி மாத்திரை, பல் சுத்தம் எல்லாம் ஆயிற்று. இப்போது சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியாயிற்று. உங்கள் அக்கா மகனுக்கும் இதே வந்ததாக எழுதியிருந்தீர்களே?

செ., கடலூர் முதுநகர்

அன்புள்ள செ.,

சதை எடுத்துவிடுங்கள். கத்தி பட்டு எதுவும் புற்றாவதில்லை. உதட்டின் உட்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, பயறளவு எடுத்துத் தையல் போடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது.

அலர்ஜி வீக்கம் ஓரிரு நாளில் வடியும். (பிரஷருக்கு எனலாப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டாலும் உதடு வீங்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.) மாதக்கணக்கில் நின்று கெட்டிப்படுவது வேறு. எங்கள் வீட்டில் ஒரு வருடம் அலர்ஜி என்றே ஓட்டினோம். ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், வடிந்தது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. அதற்கு முன் டிபி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சு தெரிந்தால், நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிபியைத்தான். டிபி இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பரவும். அடுத்து, நுரையீரல் போன்ற உறுப்புகளில் இதே முடிச்சுகள் வரும் சார்காய்டோசிஸ், குடலில் வரும் க்ரோன் நோய். க்ரோன் சிலருக்கு வாயில் முதலில் தெரிந்து, வயிற்றில் பல வருடம் கழித்துத் தெரியும். அதனால் பேதி, வயிற்றுவலி, எடைக் குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை என்றான பிறகே ஓரோஃபேஷியல் கிரானுலோமட்டோசிஸ், அதாவது வாயிலும் முகத்திலும் மட்டும் வரும் கிரானுலோமா நோய் என்பார்கள். 1985இல் வைத்த பெயர். கூடவே முகவாதமும் நாக்கில் வெடிப்பும் இருந்தால் அதற்கு மெல்கர்சன்-ரோசன்தால் நோய் என்று பெயர்.

இதற்குப் பத்தியம் உண்டு, ஆனால் கத்தரிக்காய் அல்ல. பட்டையும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும்தான். பிரியாணி மசாலா, பாட்டில் ஜூஸ், பாட்டில் ஊறுகாய், சில பற்பசைகள். 3 மாதம் விட்டுப் பார்ப்பார்கள், சிலருக்கு அதிலேயே வடிகிறது. இல்லையென்றால் உதட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி. வலிக்கும்.

அக்கா மகனுக்கு அதுவும் போதாமல் க்ளோஃபசிமின் கொடுத்தார்கள். தொழுநோய் மருந்து என்று அக்கா எங்கேயோ படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அழற்சியையும் அது தணிக்கும், அதற்காகத்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே தெளிந்தாள். தோல் செம்பழுப்பாகி, நிறுத்திய பின் மெல்ல மாறியது.

புதுச்சேரி ஜிப்மரில் தோல், பல் இரண்டு பிரிவும் இருக்கின்றன. போகும்போது வீக்கத்துக்கு முன் எடுத்த போட்டோ ஒன்று கொண்டுபோங்கள். கருவாட்டை மட்டும் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். முதுநகரில் இருந்துகொண்டு அது இல்லாமல் எப்படி?