மைக் வாங்கப் போறீங்களா? கேள்விகளும் பதில்களும்

டப்பிங், ஒலிப்புத்தகம், விளம்பரக் குரல்னு பல வருஷமா மைக்குக்கு முன்னாலயும் பின்னாலயும் உட்கார்ந்து வேலை பார்க்கறேன். பாட்காஸ்டுக்கும் வீட்டு ரெக்கார்டிங்குக்கும் எந்த மைக் வாங்கலாம்னு வந்த கேள்விகளை மொத்தமா எடுத்துக்கறேன். விலை மட்டும் கேட்காதீங்க. நான் இன்னிக்குச் சொல்ற விலை அடுத்த ஆஃபர் வரைக்கும்தான் செல்லும்.

மதுரை, பள்ளி ஆசிரியை: அக்கா, குழந்தைகளுக்குக் கதை சொல்ற பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போறேன். கண்டென்சர் மைக்தான் ஸ்டுடியோ குவாலிட்டி, டைனமிக் எல்லாம் மேடைக் கச்சேரிக்குத்தான்னு கடைக்காரர் சொல்றார். எங்க வீடு தெருவை ஒட்டி இருக்கு. எதை வாங்கட்டும்?

கடைக்காரர் சொன்னதுல பாதி சரி. ஸ்டுடியோவுல கண்டென்சர்தான் அதிகம் புழங்குது. ஆனா அந்த ஸ்டுடியோவுல சுவர் முழுக்கப் பஞ்சு அடைச்சிருப்பாங்க, கதவைச் சாத்தினா காது அடைச்ச மாதிரி இருக்கும். உங்க வீட்டுல குக்கர் விசில் இருக்கு, பக்கத்து வீட்டு மோட்டார் இருக்கு, காலையில கீரை விக்கிற அம்மா இருக்காங்க.

கண்டென்சருக்குள்ள மெல்லிய சவ்வு ஒண்ணும், அதுக்குப் பின்னால மின்னேற்றம் உள்ள தகடு ஒண்ணும் இருக்கும். சவ்வு ரொம்ப லேசு. அதனால அறைக்குள்ள எங்கே எது அசைஞ்சாலும் பிடிச்சுக்கும். டைனமிக்ல சவ்வோட ஒரு கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும், அது காந்தத்துக்கு நடுவுல ஆடும். கனம் கூடுதல், அதனால கிட்டப் போய்ப் பேசினாத்தான் ஒழுங்காக் கேட்கும். இந்தக் குறைதான் தெருவோர வீட்டுக்கு வசதி.

டைனமிக் இரைச்சலை வடிகட்டிடும்னு பல பேர் சொல்வாங்க, நம்பாதீங்க. அதுக்கு அப்படி எந்த மந்திரமும் தெரியாது. நீங்க வாயைக் கிட்டக் கொண்டு போறீங்க, அதனால கெயினை, அதாவது மைக் சிக்னலை எவ்வளவு ஏத்தறோம்ங்கற அளவை, குறைச்சு வைக்க முடியுது, அதனால தெரு பின்னுக்குப் போகுது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானா உங்க குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். கீரைக்காரம்மா குரல் அப்படியேதான் இருக்கும். அதே டைனமிக்கை ஒன்றரை அடி தள்ளி வச்சுட்டுக் கெயினை ஏத்தினீங்கன்னா தெரு மொத்தமும் உங்க கதைக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும்.

உங்களுக்கு சாம்சன் க்யூ2யூ, இல்லைன்னா ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். இரண்டுமே டைனமிக். இரண்டுலயும் யூஎஸ்பியும் இருக்கு, மூணு பின் உள்ள ஸ்டுடியோ ஒயர் மாட்டற எக்ஸ்எல்ஆரும் இருக்கு. இன்னிக்கு நேரா லேப்டாப்ல சொருகிக்கலாம். நாளைக்கு இன்டர்ஃபேஸ், அதாவது எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி, வாங்கினா இதே மைக்கை அதுலயும் மாட்டிக்கலாம். ஹெட்ஃபோன் மாட்ற ஓட்டையும் மைக்லயே இருக்கு, கண்டிப்பா மாட்டிக் கேட்டுக்கிட்டே பேசுங்க.

அதே ஆசிரியை: கிட்டன்னா எவ்வளவு கிட்ட அக்கா?

நாலு விரலை ஒட்டி வச்சா வர்ற அகலம். குரல் உயர்ற இடத்துல கொஞ்சம் பின்வாங்கலாம், ஒரு சாணைத் தாண்ட வேண்டாம்.

உள்ளங்கையை வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு "பாப்பா பந்தைப் பிடி"ன்னு சொல்லிப் பாருங்க. ஒவ்வொரு பகரத்துக்கும் கையில காத்து வந்து தட்டும். அந்தக் காத்து மைக்ல பட்டா "டப்"னு கேட்கும். மைக்கைக் கொஞ்சம் ஓரமா, உதட்டோட கடைசிப் பக்கம் தள்ளி வச்சு, அதோட முகத்தை மட்டும் உங்க வாயைப் பார்த்துத் திருப்புங்க. காத்து நேரா தாண்டிப் போயிடும், குரல் மைக்ல விழும். வட்டமா வலை கட்டின பாப் ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. பாதி பேருக்கு ஃபில்டரே தேவைப்படாது.

இன்னொண்ணு, இந்த மாதிரி மைக்குக்குக் கிட்டப் போகப் போக அடிக்குரல் தடிச்சுக்கிட்டே வரும். ஆண்களுக்கு அது ரேடியோ கம்பீரமாத் தோணும், மயங்கிடுவாங்க. அளவு மீறினா வார்த்தை மூட்டமாயிடும். எடிட்டிங்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கறதை வெட்டி விட்டா பாதி சரியாகும்.

சென்னை, வேளச்சேரி: பிஎம்-800னு ஒரு கண்டென்சர் மைக்கை ஸ்டாண்ட், ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்ந்த செட்டா ஆன்லைன்ல வாங்கினேன். லேப்டாப் ஹெட்ஃபோன் ஓட்டையில சொருகினா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, "ஸ்ஸ்"னு சத்தம் வேற. மைக் போச்சா?

மைக் போகல, அதுக்குச் சாப்பாடு போடலை. இந்த வகைக் கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் ஒயர் வழியாவே வர்ற மின்சாரம், வேணும். பெட்டியில வந்த ஒயரைப் பாருங்க. ஒரு முனையில எக்ஸ்எல்ஆர், மறுமுனையில 3.5 மில்லிமீட்டர் பின். அந்தச் சின்ன ஓட்டையில லேப்டாப் தர்றது சில வோல்ட்தான். மைக் எப்படியோ முக்கி முனகி வேலை செய்யும், நீங்க கெயினை முழுசா ஏத்துவீங்க, கூடவே இரைச்சலும் ஏறும்.

ஃபேண்டம் பவர் தர்ற ஒரு இன்டர்ஃபேஸும், இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயரும் வாங்கினா மைக் கண்ணைத் திறக்கும். ஆனா இன்டர்ஃபேஸ் விலை மைக்கை விட அதிகமா இருக்கும். அவ்வளவு செலவு பண்ற எண்ணம் இல்லைன்னா, வந்த விலைக்கு இதைத் தள்ளிட்டு ஒரு யூஎஸ்பி டைனமிக் வாங்கிடுங்க.

கோவை, இன்ஜினியரிங் மாணவர்: அமெரிக்க பாட்காஸ்டர் ஜோ ரோகன் வச்சிருக்கற ஷூர் எஸ்எம்7பி மைக் வாங்கக் காசு சேர்த்துக்கிட்டிருக்கேன் அக்கா. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூணாம் தலைமுறை இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருக்கு. இரண்டும் சேர்ந்தா செட்டாயிடுமா?

நல்ல மைக்தான் தம்பி. முதல் எஸ்எம்7 வந்தது 1973ல. மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' ஆல்பத்துக்குப் பாடினது இந்தக் குடும்பத்து மைக்லதான். அதோட பேரை நான் கெடுக்கப் போறதில்லை.

உங்க சிக்கல் வேற. எஸ்எம்7பி ரொம்ப மெல்லிய சிக்னல் தர்ற மைக். பேச்சுக்கு 60 டெசிபலாவது சுத்தமான கெயின் வேணும். உங்க ஸ்கார்லெட் தர்றது 56. குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாலும் குரல் ஏறாது, ஏறின இடத்துல இரைச்சல் இருக்கும். அப்புறம் யாராவது கிளவுட்லிஃப்டர் வாங்கச் சொல்வாங்க. இன்டர்ஃபேஸோட ஃபேண்டம் பவரை எடுத்துக்கிட்டு 25 டெசிபல் ஏத்தித் தர்ற சின்னப் பெட்டி அது. நல்ல பொருள், ஆனா அதுக்குத் தனிக் காசு. 2023ல ஷூரே எஸ்எம்7டிபின்னு, 18 இல்லைன்னா 28 டெசிபல் ஏத்திக்கற வசதியை உள்ளேயே வச்சு ஒரு மைக் விட்டாங்க. அதுக்கு இன்னும் கூடுதல் காசு. நாலாம் தலைமுறை 2ஐ2 69 டெசிபல் வரைக்கும் தரும், அதுல எஸ்எம்7பி நேரா ஓடும். ஆக எந்த வழியில போனாலும் நீங்க சேர்த்த காசு மைக்கோட நிக்காது.

என்னைக் கேட்டா எஸ்எம்58. 1966ல இருந்து வருது. கல்யாண மண்டபத்துல நீங்க பார்த்த அதே பந்துத்தலை மைக். எஸ்எம்7பியும் இதுவும் ஒரே வம்சம். சிக்னல் நாலஞ்சு டெசிபல் கூடுதலா தரும், உங்க 56 டெசிபலுக்குள்ள சமாளிச்சுக்கும். தலைக்கு மேல ஒரு ஸ்பாஞ்ச் உறை போட்டுக் கிட்டப் பேசுங்க. பஸ்ல இயர்ஃபோன் மாட்டிக் கேட்கறவங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்லை. வீடியோவுல மைக் தெரியணும், ஒரு கெத்து இருக்கணும்னா எஸ்எம்7பியே வாங்குங்க. அதுவும் ஒரு காரணம்தான், தப்பு சொல்ல மாட்டேன்.

அதே மாணவர்: எஸ்எம்58ல டூப்ளிகேட் நிறைய வருதாமே?

வருது, பெட்டி முதல் பை வரைக்கும் அச்சு அசலா வருது. அசல் எடை 298 கிராம். மளிகைக் கடைத் தராசுல வச்சாலே பல போலிகள் மாட்டிக்கும், லேசா இருக்கும். எடை சரியா இருக்குங்கறதுக்காக அசல்னு முடிவு கட்டிடாதீங்க. ஷூரோட அங்கீகரிச்ச டீலர் கிட்ட பில்லோட வாங்கறதுதான் வழி. பாதி விலைக்குத் தர்றேன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

துபாய்: என் ஃபிளாட்ல தரை டைல்ஸ், சுவர் வெறும் சுவர். நல்ல மைக் இருந்தும் பாத்ரூம்ல பேசற மாதிரி இருக்கு. முட்டை அட்டை ஒட்டலாமா? இல்லை சாஃப்ட்வேர்ல எக்கோவை எடுத்துடலாமா?

முட்டை அட்டையால பிரயோஜனமில்லை. லேசான காகிதக்கூழ் எந்த ஒலியை உறிஞ்சும்? ஒரு இஞ்ச் ஃபோம் ஒட்டினாலும் உச்ச ஒலி மட்டும் மங்கும். பேச்சோட வயிறு இருக்கற அடி ஒலி அப்படியே சுத்திக்கிட்டிருக்கும். சாஃப்ட்வேர் இப்போ ஓரளவு எடுக்குது, ஆனா அளவு மீறினா குரல் பிளாஸ்டிக் ஆயிடும். ரெக்கார்ட் பண்ணும்போதே தடுக்கறதுதான் மலிவு.

அறைக்கு நடுவுல நின்னு ஒரு தடவை பலமாக் கை தட்டுங்க. "டிங்"னு ஒரு வால் கேட்கும். ஒவ்வொரு இடமா நகர்ந்து தட்டிப் பாருங்க, வால் எங்கே குட்டையா இருக்கோ அங்கே உட்காருங்க. பெரும்பாலும் அது கட்டில் இருக்கற அறையாத்தான் இருக்கும். உங்களுக்குப் பின்னாலயும் பக்கவாட்டுலயும் கனமான ரஜாய், மடிச்ச ஜமக்காளம் இதையெல்லாம் தொங்க விடுங்க. சுவரோட ஒட்டாம நாலு விரல் இடைவெளி விட்டா இன்னும் நல்லா உறிஞ்சும். கார்டியாய்டு மைக்குக்கு, அதாவது முன்பக்கம் நல்லாக் கேட்கற வகைக்கு, பின்பக்கம் காது மந்தம். ஆனா நீங்க மைக்கைப் பார்த்துப் பேசும்போது மைக் உங்களையும் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கற சுவரையும் பார்த்துக்கிட்டிருக்கு. அதனால முதுகுப்பக்கம்தான் முதல்ல மூட வேண்டியது. துணி நிறைஞ்ச மர அலமாரியைத் திறந்து வச்சு, அதுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் சரி. நம்மூர் இரும்பு பீரோ மட்டும் வேண்டாம். உங்க குரலுக்கு அதுவும் சேர்ந்து ரீங்காரம் போடும்.

ரெக்கார்ட் பண்ற நேரத்துக்கு ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்க. வேர்க்கும், பத்துப் பத்து நிமிஷமாப் பேசுங்க. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் சும்மா இருந்து அறையோட அமைதியையும் பதிஞ்சுக்குங்க, எடிட்டிங்ல ஒட்டுப் போட உதவும்.

திருச்சி: ப்ளூ யெட்டி வச்சிருக்கேன். எல்லாரும் ஆஹான்னு சொல்ற மைக், எனக்கு மட்டும் குரல் மந்தமா வருது.

உச்சந்தலையைப் பார்த்துப் பேசறீங்களா? அந்த மைக்குக்கு முகம் பக்கவாட்டுல, லோகோ இருக்கற பக்கம். நிமிர்த்தி வச்சு அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசுங்க. பின்னால இருக்கற குமிழை இதய வடிவப் படத்துக்குத் திருப்புங்க.

சிங்கப்பூர்: நானும் தோழியும் ஒரே மேஜையில உட்கார்ந்து பேசற பாட்காஸ்ட். ஒரே மைக் போதுமா, இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கலாமா?

ஒரே மைக்ல முன்னும் பின்னும் கேட்கற எட்டு வடிவ அமைப்பு இருந்தா ஓட்டலாம். ஆனா இரண்டு குரலும் ஒரே டிராக்ல கலந்துடும். தோழி இருமினா உங்க வசனத்தையும் சேர்த்து வெட்டணும். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே கம்ப்யூட்டர்ல ஓட்டறது வேற தலைவலி. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கடிகாரம் ஓடறதால, ஒரு மணி நேரம் பேசி முடிக்கும்போது இரண்டு டிராக்கும் விலகி நிக்கலாம்.

இரண்டு எக்ஸ்எல்ஆர் டைனமிக், இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், அதுதான் ஒழுங்கு. கம்ப்யூட்டரே வேண்டாம், வெளியிலயும் போய்ப் பதியணும்னா ஜூம் பாட்டிராக் பி4 பாருங்க. நாலு மைக், நாலு ஹெட்ஃபோன் மாட்டலாம், மெமரி கார்டுல ஆளுக்கு ஒரு டிராக்கா விழும், இரண்டு பென்சில் செல்லுலயும் ஓடும். வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ, அதைப் போல மூணு மடங்காவது இரண்டு மைக்குக்கும் நடுவுல விடுங்க.

கும்பகோணம், வீணை ஆசிரியை: பாட்டும் வீணையும் வீட்டுல பதிஞ்சு மாணவிகளுக்கு அனுப்பணும். எனக்கும் டைனமிக்தானா?

இல்லைங்க மேடம், உங்களுக்குக் கண்டென்சர். கமகத்துல நாதம் தேய்ஞ்சு அடங்கற அந்தக் கடைசித் துளியை டைனமிக் விட்டுடும், அதை ஏத்தப் போனா இரைச்சல் ஏறும். மைக்கோட விவரத் தாள்ல 'செல்ஃப் நாய்ஸ்'னு, மைக் தானே போடற இரைச்சலுக்கு ஒரு எண் இருக்கும், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறையில அது 4 டெசிபல்தான். யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் அதுலயே இருக்கு.

வீணைக்கு ஒன்றரை அடி தள்ளி, குடத்தோட குதிரைக்கும் மெட்டுகளுக்கும் நடுவுல பார்க்கற மாதிரி வச்சு ஆரம்பிங்க. மீட்டற விரலோட நகச் சத்தம் தூக்கலா இருந்தா மைக்கை மெட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்க. இடது கை தந்தியில உரசற சத்தம் தூக்கலா இருந்தா குடத்துப் பக்கம். பாட்டுக்கும் ஒன்றரை இரண்டு அடி தூரம் இருக்கட்டும். மந்தர ஸ்தாயியில கேட்குதேன்னு கெயினை வச்சுட்டு மேல் ஷட்ஜத்துக்குப் போனா வெடிச்சிடும். உங்க உச்சக் குரல்ல, ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்ல ஒலி அளவு காட்டற மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி வைங்க. சுருதிப் பெட்டியை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டுப் பாடினா, அதைத் தனி டிராக்கா அப்புறம் சேர்த்துக்கலாம், அளவும் உங்க கையில இருக்கும்.

யாழ்ப்பாணம்: அம்மம்மாவின்ர கதைகளையும் பழைய பாட்டுகளையும் போனில பதியோணும். பெரிய மைக்கைக் கண்டால் அவ கதைக்க மாட்டா. போயா எம்1 சரி வருமோ?

தாராளமா சரி வரும். சட்டையில குத்தற சின்ன மைக், 6 மீட்டர் ஒயர், நீங்க எட்ட உட்கார்ந்துக்கலாம். எல்லாப் பக்கமும் கேட்கற மைக், அதனால உங்க கேள்வியும் ஓரளவு விழும். ஒயர்ல இருக்கற சின்னப் பெட்டியில ஒரு சுவிட்ச் இருக்கு. போனுக்கு அது 'ஆஃப், ஸ்மார்ட்போன்' பக்கம் இருக்கணும், பேட்டரி தேவையில்லை. கேமராவுக்கு மாட்டும்போதுதான் மறுபக்கம். போன்ல 3.5 ஓட்டை இல்லைன்னா, மைக்கையும் ஏத்துக்கற டைப்-சி அடாப்டரா பார்த்து வாங்குங்க. பாட்டு மட்டும் கேட்க வைக்கிற அடாப்டரும் கடையில இருக்கு. சேலைத் தலைப்பு, சங்கிலி உரசாத இடமாப் பார்த்து, மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்க. முதல்ல இரண்டு நிமிஷம் பதிஞ்சு போட்டுக் கேட்டுட்டுத் தொடருங்க.

ஈரோடு: இன்டர்ஃபேஸ் மாட்டினா "உம்ம்"னு ஒரு ரீங்காரம். லேப்டாப்பைத் தொட்டா குறையுது.

எர்த்திங். சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பேட்டரியில பதிஞ்சு பாருங்க. சத்தம் நின்னா சந்தேகமே வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்டைப் பார்க்கச் சொல்லுங்க. மூணு பின் பிளக்ல ஒரு பின்னை உடைச்சுட்டு மாட்டற வேலை மட்டும் வேண்டாம், அது உயிர் விஷயம்.

நாகப்பட்டினம்: கடலோர ஊர். கண்டென்சர் மைக் ஈரத்துல கெட்டுப் போகுமா? அப்புறம், தெரியாம டைனமிக் மைக்குக்கு ஃபேண்டம் பவரைப் போட்டுட்டேன், ஒண்ணும் ஆகாதே?

ஈரம் ஏறினா கண்டென்சர்ல படபடன்னு பொரியற சத்தம் வரும். வேலை முடிஞ்சதும் மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. நிறம் மாறற வகையா வாங்கினா எப்போ காய வைக்கணும்னு தெரியும். ஸ்டாண்ட்லயே விட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் ஒயர்ல மாட்டியிருந்தா டைனமிக்குக்கு ஒண்ணும் ஆகாது. பழைய ரிப்பன் மைக்குக்குத்தான் ஆபத்து. எந்த மைக்கா இருந்தாலும் ஒயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி 48 வோல்ட் பட்டனை அணைச்சுட்டு, ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைச்சிடுங்க.