கடையில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மூன்று வாரத்துக்கு முன் என் அம்மா (58 வயது) வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். எண்ணெய் பாக்கெட் கசிந்த இடத்தை ஊழியர் ஈர மாப் போட்டுத் துடைத்துவிட்டுப் போன சற்று நேரத்தில் இது நடந்தது. அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கடைக்காரர் அன்றே 5,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது கேட்டால், "கட்டடம் வாடகைக்கு எடுத்தது, துப்புரவு கான்ட்ராக்ட்காரர் பொறுப்பு, 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று வாசலிலேயே போர்டு இருக்கிறது" என்கிறார். பில் என் பெயரில் இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் வழக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடையின் சிசிடிவி பதிவைக் காப்பாற்ற வேண்டும். பல கடைகளில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் தாங்கும். எனவே, விபத்து நடந்த தேதி, நேரம், எந்த அலமாரி வரிசை என்பதைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அம்மா விழுந்த காட்சியை மட்டும் கேட்டால் போதாது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கேளுங்கள். பாக்கெட் எப்போது கசிந்தது, ஊழியர் எப்போது துடைத்தார், உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாரா, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருந்ததா, இருந்தால் நடந்து வருபவர் கண்ணில் படும் பக்கம் இருந்ததா என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த பிறகும் பதிவு 'அழிந்துவிட்டால்', அதை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்படி வாதிடலாம்.

இப்படி வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்தியாவில், இங்கிலாந்தில் 1957-ல் வந்ததுபோல, இட உரிமையாளர் பொறுப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. விழுந்தார் என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. கவனக்குறைவை நாம்தான் காட்ட வேண்டும். வேறொரு வாடிக்கையாளர் சிந்திய தண்ணீரில் அடுத்த நிமிடமே ஒருவர் விழுந்தால், "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று கடை தப்பிக்கப் பார்க்கும். உங்கள் விஷயத்தில் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. கசிவு அவர்களுக்குத் தெரியும், துடைத்ததும் அவர்கள் ஆள்தான். எண்ணெய் மேல் ஈர மாப் போட்டால் எண்ணெய் போகாது, மெல்லிய படலமாகப் பரவும். டைல்ஸ் தரையில் முன்பைவிட மோசமாக வழுக்கும். மரத்தூளோ உலர் துணியோ போட்டு எடுத்துவிட்டு, சோப்பு விட்டுக் கழுவி, காயும்வரை வழியை மறித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் மூன்று சாக்குகளில் எதுவும் நிற்காது. தரை யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருந்தாலும் கடைக்குள் அது கடைக்காரர்தான். உடைந்த படி, கைப்பிடி இல்லாத சாய்தளம் போன்ற கட்டடக் குறையாக இருந்தால் கட்டட உரிமையாளரையும் சேர்க்கலாம். இங்கே அவரைச் சேர்த்தால் இழுத்தடிப்புதான் மிஞ்சும். வாடிக்கையாளர் நடக்கும் தரையைப் பத்திரமாக வைப்பது கடையின் கடமை. கான்ட்ராக்ட்காரரிடம் பணத்தை வசூலிப்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. போர்டு மாட்டினால் கவனக்குறைவு கழுவப்பட்டுவிடாது.

கையெழுத்திட்ட தாளின் நகலை நோட்டீஸிலேயே கேளுங்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் எழுதியிருந்தாலும், எலும்பு முறிந்த வலியில், படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து என்று எதிர்க்க இடமுண்டு. அந்த 5,000 ரூபாயை மட்டும் புகாரில் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டும்போது மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எங்கே போவது? என் யோசனை, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டில் கவனக்குறைவையும் சேர்த்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். எந்த ஆணையத்துக்குப் போவது என்ற வரம்பும் கட்டணமும் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. சில ஆயிரம் ரூபாய் பில்லுக்குக் கட்டணமே கிடையாது. சிவில் வழக்கென்றால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். "பொருள்தான் விற்றோம், சேவை தரவில்லை, பில்லில் அவர் பெயரும் இல்லை" என்று கடை ஆட்சேபிக்கும். அதனால் அம்மாவை முதல் புகார்தாரராகவும் உங்களை இரண்டாமவராகவும் போடுங்கள். சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோர்தான் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஆணையத்தின் நோட்டீஸ் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

போலீஸில் ஒரு புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் அது நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 125-வது பிரிவு பொருந்தும். ஆனால் குற்ற வழக்கை நம்பி இழப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகல் வாங்குங்கள். 'வீட்டில் விழுந்தார்' என்று அதில் பதிவாகியிருந்தால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அவசரத்தில் உடன் போனவர்கள் அப்படிச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தொகை கேட்கும்போது மருத்துவச் செலவோடு நின்றுவிடாதீர்கள். தையல்காரருக்கு வலது மணிக்கட்டு என்பது பிழைப்பு. ஊன சதவீதச் சான்றில் 10 என்று இருந்தாலும், தொழிலில் இழப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம். மோட்டார் விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது, அதே தர்க்கத்தை இங்கும் வைக்கலாம். வருமானத்துக்கு அளவு நோட்டு, ஜி-பே வரவு, இரண்டு வாடிக்கையாளர்களின் பிரமாணப் பத்திரம் போதும். ஆதாரமில்லாமல் பத்து லட்சம் கேட்பதைவிட, ரசீதுள்ள இரண்டரை லட்சம் வலுவானது.

ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பிளேட்டைப் பிற்பாடு எடுக்க வேண்டியிருந்தால் அந்த ஆபரேஷனுக்கும் பிசியோதெரபிக்கும் எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கித் தொகையில் சேருங்கள்.