நகர அபிவிருத்தித் திட்ட வரைபுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கும் ஒருவர் கருத்துச் சொல்வதால் பயன் உண்டா?

பயன் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் நகரத்துக்கான வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வசிப்பவர்கள் சேர்ந்து இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். அவற்றில் ஒன்று ஏற்கப்பட்டது.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குத் திட்டம் தயாரிக்கும்போது, வரைபை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதன் பின்னரே அது அமைச்சரின் அங்கீகாரத்தைப் பெற்று வர்த்தமானியில் வெளியாகும். வெளியான பிறகு எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எங்கே வீதி வரும் என்பவற்றையெல்லாம் அந்தத் திட்டத்தை வைத்தே தீர்மானிப்பார்கள் என்பதால், சொல்ல வேண்டியதை அறிவித்தலில் குறிப்பிட்ட கால எல்லைக்குள் சொல்லிவிட வேண்டும்.

நம் மக்களில் பலர் இதை டவுன்காரர்களின் விடயமென்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தமே அதை நீக்கியது. வாக்களித்த சபையே லயத்துப் பாதையில் ஒரு கல்லைப் போட முடியாமல் நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு, வரைபடத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் எப்படி வரும்?

நான் பார்க்கப் போன அன்று, காரியாலயச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் எங்கள் லயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆனது. தொழிற்சாலையும் கோயிலும் குறிக்கப்பட்டிருந்தன. லயத்தின் 22 காம்பரா வீடுகளும் அவற்றுக்கு மேலே இருக்கும் ஊற்றும் ஒரே பச்சை நிறத்துக்குள், தேயிலை நிலமாக அடங்கிப் போயிருந்தன. அந்த ஊற்றைக் கற்பலகையால் மூடி, அதிலிருந்து இறக்கிய குழாய் மூலம்தான் நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. அதை ஒட்டியே வாகனத் தரிப்பிடமொன்று முன்மொழியப்பட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. வரைந்தவருக்கு அங்கே ஊற்று இருப்பது தெரிந்திருக்காது, அதைத் தெரியப்படுத்த வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஆகவே கடிதத்தை, "எங்கள் நீர் வளத்தைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், வரைபடத் தாளின் இலக்கத்தையும் முன்மொழிவின் இலக்கத்தையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, ஊற்று எங்கே இருக்கிறது, எத்தனை குடும்பங்கள் அதில் தண்ணீர் எடுக்கின்றன, தரிப்பிடத்தை வேறெங்கே அமைக்கலாம் என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதினோம். வரைபடத்தின் அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து, ஊற்று இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, புகைப்படத்தையும் இணைத்தோம். கடிதம் தமிழிலேயே இருந்தது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே நமக்கு உரிமை தந்திருப்பதால், ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது கோரிக்கை லயத்துக்குக் கீழே செல்லும் வீதியைப் பற்றியது. அதை அகலப்படுத்த மண்மேட்டை வெட்டினால் சரிவின் அடி தாங்குதலை இழக்கும். அடைமழையில் நீர் ஊறும்போது மேலிருக்கும் மண் நகரத் தொடங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எனவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு இல்லாமல் அந்த மேட்டில் கை வைக்கக்கூடாது என்றும், வீதியை எதிர்ப்பக்கமாக அகலப்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டோம்.

கலந்துரையாடல் கூட்டம் ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பதால், நாள்தோறும் அந்தப் பீலியில் குடம் பிடிக்கும் பெண்களில் ஒருவர்கூட வர முடியவில்லை. முதல் நாள் இரவே அவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி, கையொப்பத்துடன் எடுத்துச் சென்று வாசித்தேன். கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் வார்த்தையை அவர்களுடைய பெயரோடு கொண்டு போவது, ஒருவர் எல்லோருக்குமாக எழுந்து பேசுவதைவிட அழுத்தமானது என்பதை அன்று கண்டேன். உத்தியோகத்தர்கள் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள்.

இறுதித் திட்டத்தில் ஊற்றும் அதைச் சுற்றிய நிலமும் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டன. தரிப்பிடம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. வீதியின் கோடு மட்டும் மாறவில்லை. வேலை இன்னும் தொடங்காததால், மண்மேட்டைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இன்று ஒன்பதாவது நாள்.