பாட்டிலில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

அன்புள்ள அக்கா,
என் மகளுக்கு ஒரு வயது. ஷாம்பூ, லோஷன் எல்லாவற்றிலும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென் என்ற கெமிக்கல் இருப்பதாகப் படித்ததிலிருந்து இரவில் தூக்கமே இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, கெமிக்கலே இல்லாத மூலிகை க்ரீம்களுக்கு மாறிவிடலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளைக்காகப் பதறுகிற மனசு புரிகிறது. ஆனால் கெமிக்கலே இல்லாத பொருள் என்று எதுவும் கிடையாது, தண்ணீரும் கெமிக்கல்தான். மூலிகை என்ற பெயரைப் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள். அதை அத்தோடு விடுவோம்.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு நாளைக்குப் போடும் ஷாம்பூ 10.46 கிராம், ஆனால் அலசிய பின் தங்குவது நூற்றில் ஒரு பங்கு. பாடி லோஷன் 7.82 கிராம்தான், ஆனால் அத்தனையும் தோலிலேயே கிடக்கும். ஒரே பாராபென் ஒரே விகிதத்தில் இரண்டிலும் இருந்தால், லோஷனால் தங்குவது சுமார் 75 மடங்கு! அதுவும் 60 கிலோ பெரியவருக்கான கணக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாப்கின் கட்டும் இடத்தில் தடவிவிடும் க்ரீமில் புரோப்பைல், பியூட்டைல் என்ற இரண்டு வகைப் பாராபெனும் கூடாது என்று 2014-ல் அங்கே விதி போட்டார்கள்; அந்த இடத்துத் தோல் புண்பட்டிருக்கலாம், சிசுவின் உடம்புக்கு இதைச் சிதைக்கும் திறன் முழுதாக வந்திருக்காது என்பதால். அந்த க்ரீமைப் பாருங்கள், ஷாம்பூவை விடுங்கள்.

நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. எங்கள் அக்கா பிள்ளை பெற்று வந்திருந்தபோது, அம்மா கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவைத்து, பனி படக்கூடாதென்று ஜன்னலை இறுக்கிச் சாத்துவார். விடிந்து பார்த்தால் தரையில் சாம்பல் வட்ட வட்டமாகக் கிடக்கும். பக்கத்திலேயே பாயில் குழந்தை. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வீட்டுப் பொருள்களிலிருந்து உடம்பில் எவ்வளவு சேரும் என்று கணக்கிடும் நெதர்லாந்தின் கான்ஸ்எக்ஸ்போ என்ற மென்பொருள், ஸ்ப்ரே மாதிரியான பொருளுக்கு அறையின் கொள்ளளவையும் காற்றோட்டத்தையும் கேட்கும். டப்பா லேபிளில் இவை இருக்காது, நம் வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

பாராபெனை நினைத்து ராத்திரியெல்லாம் முழித்திருந்தீர்களே, அந்த ராத்திரியில் அறையில் என்ன புகைந்துகொண்டிருந்தது? அதைக் கேட்கவில்லையே! சுருள் கொளுத்துகிற வீடாக இருந்தால் இன்றே கொசுவலை வாங்குங்கள். அப்புறம், ஜன்னலை எத்தனை மணிக்குச் சாத்துகிறீர்கள், பாப்பா கட்டிலில் தூங்குகிறாளா தரையிலா என்று எனக்கு எழுதுங்கள்.