காதணி விழாவில் ஒரு சிங்கம்

கேள்வி: 'காது குத்தாதே' என்று சொன்னால் ஆறாவது படிக்கும் என் மகன் காதைத் தடவிப் பார்க்கிறான். மரபுத்தொடருக்கு நேர்ப்பொருள் கொள்ளக் கூடாது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: மேலூரா? அப்படியென்றால் காது குத்து பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் காதில் பொட்டுத் துளை போட மண்டப வாசலில் 30 அடி ஃப்ளெக்ஸ். குழந்தை ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருக்கும். நடுவில் கூலிங் கிளாஸோடு தாய்மாமன். கீழே, 'மதுரையின் சிங்கமே!'

உவமை பிறக்க நான்கு வழி சொன்னார் தொல்காப்பியர்: வினை, பயன், மெய், உரு. புலி போன்ற மறவன் என்றால் பாய்ச்சலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், வாலைத் தேடக் கூடாது. மழை போன்ற கை என்றால் பயன், துடி (உடுக்கை) போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம், பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். சரி, நம் தாய்மாமனை இதில் நிறுத்துவோம். மெய்? பிடரி மயிர் இருக்க வேண்டிய இடத்தில் வழுக்கை. உரு? மீசை, டை அடித்த கறுப்பு. பயன்? சீர்த் தட்டுகளை எண்ணினால் தெரியும். மிச்சம் வினை. ஆண் சிங்கம் நாளில் 20 மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும். வேட்டைக்குப் பெரும்பாலும் போவது பெண் சிங்கங்கள். இரை விழுந்ததும் பங்குக்கு மட்டும் ஐயா எழுந்து வருவார். ஆக, ஃப்ளெக்ஸ் அடித்தவர் உவமையே சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். தண்டியலங்காரத்தில் இதற்குப் பெயர் தன்மையணி.

பையன் விஷயமா? காதைத் தடவிப் பார்த்தானே, அதுதான் சரியான முதல் படி. நேர்ப்பொருள் அந்த இடத்தில் உட்காருகிறதா என்று பார்த்திருக்கிறான். ஊசியும் இல்லை, ஆசாரியும் இல்லை, அப்புறம் அம்மா ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அவனே யோசிக்கட்டும். 'வலிக்கவே வலிக்காதுடா கண்ணு' என்று வாயில் வாழைப்பழத்தை வைத்து ஊசியை இறக்கிய கதையையும் சொல்லிவையுங்கள். மற்றது விளங்கிவிடும்.

'காது குத்துதல் – ஏமாற்றுதல்' என்று கோடு போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் நோட்ஸை மட்டும் வாங்கித் தராதீர்கள். இதை நான் எழுதும்போதெல்லாம் நோட்ஸ் போடும் பதிப்பாளர் ஒருவர் போன் செய்து, "எங்க பிழைப்புல மண்ணைப் போடுறீங்களே சார்" என்பார். போன தடவை, "கரிசலா, செம்மண்ணா?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.