அக்காவுக்குப் பரிசாக நன்கொடை: ரசீது யார் பெயரில்?

கேள்வி: இந்த 2026 பொங்கலுக்கு அக்கா, சித்தப்பா, அலுவலகத் தோழி மூவருக்கும் புடவை, வேட்டி என்று வாங்காமல், அவர்கள் பெயரில் ஒரு முதியோர் இல்ல அறக்கட்டளைக்குத் தலா 5,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறேன். பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து போகும். மூவரின் பான் எண்ணையும் கொடுத்தால், வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது அவரவர் பெயரில் வாங்கித் தருவதாக, இதை ஏற்பாடு செய்பவர் சொல்கிறார். சித்தப்பாவின் பங்கைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தாலும் வரிச் சலுகை உண்டு என்கிறார். நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் சொன்னது தவறு. இரண்டாவது, முக்கால்வாசி தவறு. பான் எண்களை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

80ஜி கழிவு, பணம் கட்டியவருக்குத்தான். உங்கள் கணக்கிலிருந்து போகும் 15,000 ரூபாயும் உங்கள் நன்கொடை. அது அக்காவுக்குத் தரும் பரிசு என்பது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம். வரித் துறைக்கு அதில் வேலை இல்லை. அக்கா பெயரில் ரசீது வாங்கி, அவர் ரிட்டர்னில் காட்டி, பின்னால் நோட்டீஸ் வந்தால் தன் வங்கி அறிக்கையில் அந்த 5,000 எங்கே என்று அவர்தான் காட்ட வேண்டும். அங்கே இருக்காது. பொங்கல் சீர் கொடுக்கப் போய் விளக்கக் கடிதம் எழுத வைத்த கதையாகிவிடும்.

ரசீதை உங்கள் பெயரிலும் உங்கள் பான் எண்ணிலும் வாங்குங்கள். 'இன்னாரைச் சிறப்பித்து இந்த நன்கொடை பெறப்பட்டது' என்று மூவருக்கும் தனித்தனியாக ஒரு வாழ்த்துக் கடிதம் தரும்படி அறக்கட்டளையிடம் கேளுங்கள். அதில் தொகையோ பான் எண்ணோ வேண்டாம். பரிசாகக் கொடுக்க வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான்.

வரிக் கழிவும் அக்காவுக்கே போக வேண்டும் என்றால் 5,000 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அறக்கட்டளைக்கு அவரையே செலுத்தச் சொல்லுங்கள். உடன்பிறந்தவர் கொடுத்த பணத்துக்கு அக்கா வரி கட்ட வேண்டாம். அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அவர் பழைய வரிமுறையா, புதியதா? புதிய முறையில் 80ஜி கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், நாமாகப் பழையதைத் தேர்வு செய்யாவிட்டால் புதியதில்தான் இருப்போம். உங்களுக்கும் இதே கணக்குத்தான். பழைய முறை என்றாலும் இத்தகைய அறக்கட்டளைக்குத் தந்ததில் பாதிக்குத்தான் கழிவு: 5,000-க்கு 2,500. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து மிச்சமாவது 520 ரூபாய். இந்த 520-க்காகத்தான் ஒரு இடைத்தரகரிடம் மூன்று பேரின் பான் எண் போகிறது.

அந்த இடைத்தரகர் விஷயத்துக்கு வருவோம். அவர் அச்சடித்துத் தரும் ரசீது மட்டும் வரிக் கழிவுக்குப் போதாது. பணம் பெற்ற அறக்கட்டளை, நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் 10பிடி என்ற படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களைத் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் துறையின் தளத்திலிருந்து இறங்குவதுதான் 10பிஇ சான்றிதழ். கழிவுக்கு ஆதாரம் அதுவே. நடுவில் உள்ளவர் மூவரின் தொகையையும் ஒரே தொகையாகத் தன் கணக்கிலிருந்து கட்டினால், அறக்கட்டளையின் ஏட்டில் நன்கொடையாளர் அவர்தான், நீங்கள் யாரோ. இணையத்தில் நிதி திரட்டும் சில தளங்களிலும் கவனம் தேவை: 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். அது தளத்துக்குப் போவது, நன்கொடை அல்ல. இவர்களைவிட மோசமான கூட்டம், காசோலையை வாங்கிக்கொண்டு கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவது. அந்த ரசீதைக் கையாலும் தொடாதீர்கள்.

ஆகவே அறக்கட்டளையின் சொந்தக் கணக்குக்கு நேரடியாகச் செலுத்துங்கள். கணக்கின் பெயரும் 80ஜி ஒப்புதல் ஆணையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆணையின் நகலைக் கேட்டு, கடைசித் தேதியைப் பாருங்கள். ஒப்புதல் நிரந்தரமல்ல, தற்காலிக ஒப்புதலுக்கு மூன்று ஆண்டு, வழக்கமானதற்கு ஐந்து ஆண்டு. பழைய ஆணையைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு வசூலிக்கும் இடங்களும் உண்டு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் கழிவு போச்சு, தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல. அரிசி மூட்டை, போர்வை என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது.

இனி சித்தப்பாவின் கோயில். கோயிலுக்கு 80ஜி அறவே இல்லை என்பதும் தவறு, எல்லாக் கோயிலுக்கும் உண்டு என்பதும் தவறு. வரலாற்றுச் சிறப்போ கலைச் சிறப்போ உடையது, அல்லது மாநிலம் முழுக்கப் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்த கோயிலாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கோயிலிலும் திருப்பணிக்கும் பழுதுபார்ப்புக்கும் தந்தால்தான் இந்தப் பிரிவில் கழிவு. கோபுரத்தைச் சீரமைக்கத் தந்தால் உண்டு. அதே கோயிலின் அன்னதானத்துக்கு இதன்கீழ் இல்லை. உண்டியலில் போட்டதற்கு ரசீதே இல்லை. அன்னதானத்துக்கென்றே தனி அறக்கட்டளை இருந்து, அது தனியாக 80ஜி ஒப்புதல் பெற்றிருந்தால், முதியோர் இல்லத்துக்குச் சொன்ன விதிகளே அதற்கும். எனவே ரசீதில் கோயில் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாமல், எந்த நிதிக்கு என்று எழுதியிருக்கிறது, ஒப்புதல் எண் யாருடையது என்று பாருங்கள். சித்தப்பாவுக்கு அன்னதானம்தான் பிடிக்கும் என்றால் வரியை மறந்துவிட்டுக் கொடுங்கள்.

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. அறக்கட்டளை 10பிடி-யைத் தாமதித்தால் அதற்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஆனால் 10பிஇ இல்லாமல் கழிவை இழப்பது, ஒழுங்காகப் பணம் கட்டிய நீங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே கதி. அறக்கட்டளை திருத்திய படிவம் தாக்கல் செய்யலாம், ஆனால் அதற்கு அவர்கள் பின்னால் நீங்கள்தான் அலைய வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே உங்கள் பெயர், பான், தொகை, செலுத்திய தேதி நான்கையும் அறக்கட்டளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஜூனில் 10பிஇ கைக்கு வந்தபின், அதிலுள்ள எண்ணைப் பார்த்தே ரிட்டர்னை நிரப்புங்கள்.