வலி மருந்து மாறும்போது: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். 12 மணி நேரம் வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரை 30 மி.கி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நடுவில் வலி எடுத்தால் 10 மி.கி. மாத்திரை, அதுவும் தினம் மூன்று ஆகிவிடும். விழுங்கச் சிரமப்படுவதால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் 25 பேட்ச் (மணிக்கு 25 மைக்ரோகிராம்) எழுதிக் கொடுத்தார்கள். ஒட்டிய கையோடு மாத்திரையை நிறுத்திவிட்டோம். ராத்திரி முழுக்கத் துடித்துப்போனார். இன்னொரு பேட்ச் சேர்த்து ஒட்டலாமா?
வாசகர், குடியாத்தம்

பதில்: ஒட்டவே ஒட்டாதீர்கள். பேட்ச்சில் இருக்கும் மருந்து முதலில் தோலுக்கு அடியில் சேர்கிறது. அங்கிருந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. வேலையைத் தொடங்கவே 12 மணி நேரம் ஆகலாம். முழுப் பலன் தெரிய ஒரு நாள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலி தாங்கவில்லை என்று இரவில் ஒட்டும் இரண்டாவது பேட்ச், மறுநாள் முதல் பேட்ச்சோடு சேர்ந்துகொண்டு ஏறும். அப்போது வலி அடங்கியிருக்கும். மூச்சும் அடங்கத் தொடங்கும்.

கடைசி 12 மணி நேர மாத்திரையைக் கொடுக்கும் அதே வேளையில் பேட்ச்சை ஒட்டியிருந்தால் அந்த ராத்திரி கடந்திருக்கும். இடையில் வலி வந்தால் 10 மி.கி. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். 12 மணி நேர மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் பொடிக்கக் கூடாது. அரை நாளைக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

25 குறைவான அளவோ என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். கணக்கு இதுதான். நீண்ட நேர மாத்திரை 60, இடையில் கொடுத்தது 30, ஆக நாளொன்றுக்கு 90 மி.கி. மார்ஃபின். (இந்த 30-ஐச் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம், டாக்டரிடம் போகும்போது கொடுத்த நேரத்தையும் அளவையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.) வாய்வழி மார்ஃபினில் நூறில் ஒரு பங்கு ஃபென்டனில் என்று வைத்தால் 900 மைக்ரோகிராம். 24-ஆல் வகுத்தால் மணிக்கு 37.5. ஆனால் மார்ஃபினுக்குப் பழகிய உடம்பு ஃபென்டனிலுக்கும் அதே அளவு பழகியிருக்காது. அதனால் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்தே தொடங்குவார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் சரியாக 25. மிச்ச வலிக்குத்தான் அந்த 10 மி.கி. மாத்திரை. மூன்று நாள் (72 மணி நேரம்) முடிந்து பேட்ச் மாற்றும்போதும் அது அடிக்கடி தேவைப்பட்டால் டாக்டர் அளவைக் கூட்டுவார்.

நம்ம வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலும் கணக்கில் வரும். சூடு பட்டால் பேட்ச்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். தகரக் கூரையின் கீழ்ப் படுக்கவைப்பது, சுடுதண்ணீர்ப் பை, ஒத்தடம் எல்லாம் வேண்டாம். காய்ச்சல் வந்தால் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். ஒட்டும் இடத்தைச் சோப்பு இல்லாமல் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மேல்முதுகு வசதி, அங்கே கை எட்டாது, பிய்த்தெடுக்க முடியாது.

எழுப்பினாலும் எழவில்லை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு எட்டு அல்லது அதற்கும் கீழே என்றால் பேட்ச்சை எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். ஃபென்டனில் என்ற பெயரைச் சொல்லுங்கள். இதை முறிக்கும் மருந்து நலோக்ஸோன் ஊசி. அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும், தோலில் தங்கியதோ தொடர்ந்து இறங்கும். எனவே கண் விழித்தார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு டிரமடால் 100 மி.கி. நான்கு வேளை கொடுத்தோம். இப்போது மார்ஃபின் 5 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நூறு எங்கே, ஐந்து எங்கே? எழுதியதில் தவறா?
வாசகி, ஆரணி

பதில்: தவறில்லை. டிரமடால் மார்ஃபினைவிட வலுக் குறைந்த வலி மருந்து; அதன் 400 மி.கி. ஏறக்குறைய 40 மி.கி. மார்ஃபினுக்குச் சமம். அவர் எழுதியது ஆறு வேளைக்கு 30 மி.கி.; கால் பங்கு குறைத்திருக்கிறார். சில அட்டவணைகள் டிரமடாலை இதைவிட இரு மடங்கு வலுவாகக் காட்டும். கல்லீரல் அதை எந்த அளவுக்கு மாற்றித் தருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதே காரணம். அதனால் குறைந்த கணக்கில் தொடங்குவதே நல்லது. மீந்த டிரமடாலைக் கூடவே கொடுக்காதீர்கள். மலச்சிக்கல் மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சர்க்கரையால் கிட்னி கெட்டவருக்கு மார்ஃபின் கொடுக்கலாமா?
வாசகர், வாணியம்பாடி

பதில்: மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். கிட்னி தளர்ந்தால் அவை தேங்கும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், பிதற்றல், தூக்கம். ஃபென்டனில் அவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. கிரியாட்டினின் ரிப்போர்ட்டை (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) காட்டாமல் மருந்து மாற்ற வேண்டாம். யாராவது மெத்தடோன் என்ற இன்னொரு வலி மருந்தைச் சொன்னால், மார்ஃபினிலிருந்து அதற்கு மாற்ற நிலையான விகிதமே கிடையாது. சில நாள் கழித்துத் தேங்கிச் சாய்க்கும். வலி நிவாரண நிபுணர் மட்டுமே தொட வேண்டிய மருந்து.

கேள்வி: பழைய பேட்ச், மீந்த மார்ஃபினை என்ன செய்வது?
வாசகி, போளூர்

பதில்: எடுத்த பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மீந்த மாத்திரைகளோடு மருந்து தந்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு முதுகுவலிக்குக் கொடுக்காதீர்கள்.